வாயை மட்டும் அசைக்கச் சொன்ன டீச்சர்

12-7-2005, செவ்வாய்

மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகள் செல்வி நேற்று சாப்பிடாமல் படுத்துவிட்டாள். பள்ளிக்கு அதிகாரி பார்வையிட வருகிறாராம். இவள் குரல் கரகரவென்று இருப்பதால், காலைப் பிரார்த்தனையில் பாடாமல் வாயை மட்டும் அசைக்கச் சொல்லிவிட்டாராம் டீச்சர்.

இன்று கடையை அப்படியே விட்டுவிட்டுப் போய்க் கேட்டேன்.

“எல்லாப் புள்ளைங்களும் ஒண்ணா பாடுதுங்க, இது மட்டும் தனியா கேக்குது சார். ஆபீசர் என்ன நெனப்பாரு?”

“நீங்க சாமிக்குப் பாடுறீங்களா டீச்சர், ஆபீசருக்குப் பாடுறீங்களா?”

அவர் முகம் மாறிவிட்டது. “சந்தையில ஜாடி விக்கிற மாதிரி இங்க வந்து பேசாதீங்க” என்றார்.

ஜாடி விற்றவன்தான். சேத்தியாத்தோப்பு சந்தையில் இதே கரகரத்த குரலில் கூவித்தான் பீங்கான் ஜாடி விற்று மேலே வந்தேன். அந்தக் குரல்தான் என் பிள்ளைக்கும் வந்திருக்கிறது. இதில் எனக்கு என்ன வெட்கம்?

ராத்திரி செல்வியிடம், “நாளைக்கு நல்லா வாயத் தொறந்து பாடு” என்றேன்.

“புள்ளைங்க சிரிக்கும்ப்பா.”

“சிரிச்சா இன்னும் சத்தமா பாடு.”

திரும்பிப் படுத்துக்கொண்டாள். சொல்லிவிட்டேன், ஆனால் அத்தனை பேர் நடுவில் நிற்கப்போவது அவள்தான்.

இருந்தாலும் சொன்னதை மாற்ற மாட்டேன். காலையில் பள்ளிக் காம்பவுண்டுக்கு வெளியே நிற்பேன். அவள் குரல் ரோடு வரைக்கும் வந்தால் போதும், டி.சி.யைக் கிழித்துக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறேன். வராவிட்டால் அவளை ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். மறுநாளும் போய் நிற்பேன்.