தலை பத்திரம்

அன்பு மாமாவுக்கு,

உங்கள் மனைவி சத்யப்பிரியா கோலாலம்பூரிலிருந்து வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். துடுப்புப் போட்டு வந்த உங்கள் தோள்வலி குறைந்ததா? அத்தைக்குச் சளி விட்டதா? நேற்று நடந்ததைப் போனில் சொன்னால் நடுவிலேயே சிரித்துவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

பாலர் பள்ளியில் என் வகுப்பு அடங்குவதில்லை என்று இந்த மாதத்தோடு என்னை வேலையை விட்டு அனுப்பப் பார்த்தார்கள். பயப்படாதீர்கள், அது முடிந்த கதை. நேற்று தலைமையாசிரியை சோதிக்க வந்து பின்னால் உட்கார்ந்தார். நான் புத்தகத்தை மூடிவிட்டு, பாயைப் பிச்சாவரம் படகாக்கிப் பிள்ளைகளை ஏற்றினேன். "இந்தப் பக்கம் போலாமா, அந்தப் பக்கமா?" என்று கேட்டேன். அவர்கள் கைகாட்டிய கால்வாயில்தான் கதை போனது. வழியெல்லாம் நண்டு எண்ணினார்கள். சுரபுன்னைக் கிளைகள் நெருங்கியதும், சுற்றுலா வந்தவர்களிடம் நீங்கள் போடுகிற அதே சத்தத்தைப் போட்டேன்.

"தலை பத்திரம்! குனிஞ்சிக்குங்க!"

வகுப்பே குனிந்தது. தலைமையாசிரியை மட்டும் நிமிர்ந்திருந்தார். ஒரு வாண்டு ஓடிப்போய் அவர் தலையைப் பிடித்து அழுத்தியது. "டீச்சர், கிளை இடிக்கும்!"

அவரும் குனிந்தார் மாமா!

வேலை நிலைத்துவிட்டது. இன்று பிள்ளைகள் ஒவ்வொரு வாசலிலும் உங்களைப் போலவே கத்துகிறார்கள்.

சிதம்பரம் கடைத்தெருவில் ரப்பர் நண்டு கிடைத்தால் அனுப்புங்கள். துடுப்புச் சத்தத்தையும் போனில் பதிந்து அனுப்புங்கள். நடுவில் நீங்களும் ஏதாவது பேசுங்கள், நீளமாகவே இருக்கட்டும். பிள்ளைகளுக்காகத்தான் கேட்கிறேன்.

மணி அடித்துவிட்டது, பாயில் ஏறி உட்கார்ந்துகொண்டு கூப்பிடுகிறார்கள்.

உங்கள்
பிரியா