புல்தரைக்குப் போட்ட கருவாட்டுத் தூள்

ஜூன் 7, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் பெலிண்டா வாசல் புல்தரையைக் காட்டினாள். "காஞ்சு போச்சு சித்தப்பா. ஆளைக் கூப்பிட்டு உரம் போடச் சொல்லவா?"

ஆளா? நான் எதற்கு இருக்கிறேன்? எட்டாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனால் மண்ணை நாக்கில் வைத்தே சத்துக்குறைவைச் சொல்லிவிடுவேன். ஸ்ரீரங்கத்தில் ஒரு ஓட்டலுக்கே புல்தரை போட்டவன். (போட்டது நாலு பேர். குழாய் பிடித்தது நான். அதுவும் வேலைதான்.)

அண்ணன் மகள் ஒரே ஒரு கண்டிஷன் போட்டாள். யூரியா கூடாது, கடை மருந்து கூடாது. அவளுடைய நாய் பூந்தி புல்லில் புரளும், கடிக்கும். "வேப்பம் பிண்ணாக்கு, மண்புழு உரம். அது மட்டுந்தான். சரியா?"

"எனக்கா சொல்றே?" என்றேன்.

ஜூன் 9

ஜீயபுரத்தில் பிச்சமுத்துவின் வாழைத்தோட்டத்துக்குப் போனேன். வேப்பம் பிண்ணாக்கு தீர்ந்துவிட்டதாம். "ஆமணக்குப் பிண்ணாக்கு இருக்குங்க. வாழை கருகருன்னு வரும். ஆடு மாடு மட்டும் வாய் வெக்காம பாத்துக்குங்க."

கே.கே. நகரில் ஏது ஆடு மாடு? ஆமணக்கும் செடியில் காய்ப்பதுதானே, இயற்கைதானே. ஒரு மூட்டை வாங்கி பஸ்ஸில் ஏற்றினேன். கண்டக்டர் முறைத்தார். உரத்தின் அருமையை நான் எடுத்துச் சொன்னதும் மொத்த பஸ்ஸும் காது கொடுத்துக் கேட்டது.

ஜூன் 10

போட்டாச்சு. மண்புழு உரம், ஆமணக்குப் பிண்ணாக்கு, கூடவே என் சொந்தக் கண்டுபிடிப்பு: இடித்த கருவாட்டுத் தூள். மீன் சத்து வேரைத் தூக்கி நிறுத்தும்.

பெலிண்டா மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள். "என்ன சித்தப்பா இந்த நாத்தம்?"

"வேப்பம் பிண்ணாக்கு அப்படித்தாம்மா இருக்கும்."

பூந்தி சாயங்காலம் முழுக்கப் புல்லை விட்டு மூக்கை எடுக்கவில்லை. அதற்கே பிடித்திருக்கிறது பார் என்றேன்.

ஜூன் 11, காலை

பூந்தி வாந்தி எடுத்தது. வெயில்தான் காரணம்.

ஜூன் 11, சாயங்காலம்

வெயில் இல்ல. ரத்தமா போகுது.

தென்னூர் கிளினிக்கில் டாக்டர் இர்பானா கேட்டார்: "என்ன சாப்பிட்டுச்சு?"

பெலிண்டா சொன்னாள், "வேப்பம் பிண்ணாக்குதான் டாக்டர் போட்டிருக்கு. சித்தப்பா பாத்துப் பாத்துப் போட்டாரு."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். நான் தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்? ஒரு வார்த்தைதானே?

"வேம்புக்கு இப்படி ஆகாதே," என்று டாக்டர் தனக்குள் சொல்லிக்கொண்டார்.

வெளியே வந்து பிச்சமுத்துவுக்குப் போன் போட்டேன். "நாயா? அய்யய்யோ! அதான் வாய் வெக்க விடாதீங்கன்னு சொன்னேனே! எங்க தெருவுல ஆடே செத்துருக்குங்க."

உள்ளே ஓடினேன். பெலிண்டாவுக்கு முன்னாலேயே சொன்னேன். ஆமணக்கு. வேம்பு இல்ல. கருவாடும் கலந்தேன், அந்த வாசனைக்குத்தான் தின்னுருக்கு.

"இதை வந்ததுமே சொல்லி..." டாக்டர் பாதியில் நிறுத்திவிட்டார். ஆமணக்கு விஷத்துக்கு முறிவு மருந்து கிடையாதாம். டிரிப்ஸ் போட்டுப் பார்க்க வேண்டியதுதான்.

பெலிண்டா கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "நீங்க வீட்டுக்குப் போங்க," என்றாள். சித்தப்பா என்று சொல்லவில்லை.

ஜூன் 12

பூந்தி கண் திறக்கவில்லை.

ஜூன் 13

அந்தோணியார் திருநாள். நூறு மெழுகுவர்த்தி ஏற்றினேன். இல்லை, பத்து.

பிறகு மண்வெட்டியை எடுத்துப் புல்லோடு சேர்த்து மேல்மண்ணைச் செதுக்கி மூட்டை கட்டினேன். தெருநாய் வாய் வைத்துவிடக் கூடாது. எதிர்வீட்டு ஸ்தனிஸ்லாஸ் சார் கேட்டைப் பிடித்துக்கொண்டு, "என்னங்க, வெளிநாட்டுப் புல் வரப்போகுதா?" என்று கேட்டார். ஆமாம் என்று வாய் வரை வந்தது. "நாய்க்கு விஷம் வெச்சுட்டேன் சார்," என்றேன். அவர் கேட்டை விட்டுவிட்டார்.

பெலிண்டா கிளினிக்கிலிருந்து வந்து குளித்துவிட்டு உடனே திரும்பிப் போனாள். நான் வைத்த ரசத்தைத் தொடவில்லை.

ஜூன் 14

பூந்தி தண்ணீர் நக்கியதாம். டாக்டர்தான் போனில் சொன்னார். பெலிண்டா சொல்லவில்லை.

ஜூன் 17

பூந்தி வீட்டுக்கு வந்துவிட்டது. விலா எலும்பு தெரிகிறது. கஞ்சிக் கிண்ணத்தைக் கொண்டுபோனேன். பெலிண்டா அதை என் கையிலிருந்து வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் பூந்தி முன்னால் வைத்தாள். சரிதான். நானாக இருந்தாலும் முகர்ந்துதான் பார்ப்பேன்.

ஜூலை 5, ஞாயிறு

வாசல் இன்னும் பாதி வெறும் மண். பெலிண்டா எங்கிருந்தோ ஒரு மூட்டை மக்கிய இலை உரம் வாங்கி வந்து என் முன்னால் வைத்தாள்.

"பாத்துச் சொல்லுங்க சித்தப்பா. போடலாமா?"

கையில் அள்ளிப் பார்த்தேன். கறுப்பாக இருந்தது. மண் வாசனை வந்தது. அதற்கு மேல் எனக்கு என்ன தெரியும்?

"தெரியலம்மா. டாக்டரைக் கேட்டுட்டுப் போடுவோம்."

அவள் போனை எடுக்க உள்ளே போனாள். பூந்தி எழுந்து வந்து மூட்டையில் மூக்கை வைத்தது. அதை மெல்லத் தள்ளிவிட்டு, மூட்டையின் வாயை இறுக்கிக் கட்டி, அது எட்டாத சுவர் மேல் தூக்கி வைத்தேன்.