மேல் கதவு பாதி, நடுக் கதவு முழுசு

கிறிஸ்துமஸ் லீவுக்கு வில்லியனூர் வந்தவள், இன்று காலை பஸ் பிடித்துக் கரையாம்புத்தூருக்கு உங்கள் வீட்டுக்குப் போனேன். நீ இல்லாமல் போவது இதுதான் முதல் தடவை. உன் தம்பி வயலில் மோட்டார் போட்டிருந்தான். "கால கழுவிக்கினு வாக்கா, வூட்டுக்குப் போலாம்" என்றான். பனியில் விறைத்திருந்த கையைக் குழாய்த் தண்ணீரில் நீட்டினேன். வெதுவெதுப்பாக இருந்தது. எடுக்க மனம் வரவில்லை. தண்ணீரின் சூட்டைப் பற்றி நம்மளவுக்குப் பேசிய சிநேகிதிகள் வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

நீ முதன்முதலாக என் முன்னால் வந்து நின்றதே ஒரு பக்கெட் தண்ணீரோடுதான். நான் அந்த மலையடிவாரத்து அணையின் மின்நிலையத்தில் உதவிப் பொறியாளர். நீ அணைக்குக் கீழே ஆற்றோரம் இருந்த மீன் குஞ்சுப் பண்ணைக்குப் புதிதாக மாற்றலாகி வந்தவள். ஆடி மாதம், வெயில் சுட்டெரித்த மதியம். பக்கெட்டை என் மேஜைமேல் வைத்தாய்.

"கைய வச்சிப் பாருங்க மேடம்."

வைத்தேன். ஐஸ் பெட்டியைத் தொட்டது போல இருந்தது. அழுகின முட்டை வாடையும் லேசாக வந்தது.

"இதுல மீன் முட்டை பொரிக்குமா? போட்டதெல்லாம் செத்துப்போச்சு. இன்னா பண்றீங்க மேல?"

அந்த 'இன்னா'வில் நிமிர்ந்து பார்த்தேன். அந்த மலையில் யாரும் அப்படிப் பேச மாட்டார்கள். எந்த ஊர் என்று கேட்டேன். "சொன்னா உங்களுக்குத் தெரியாது. பாண்டிச்சேரி பக்கம், கரையாம்புத்தூர்." நான் வில்லியனூர் என்றதும், கொண்டுவந்த கோபத்தை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாய். அன்று சாயங்காலமே 'மேடம்' போய் 'மேரி' ஆனேன். அந்த வாரம் முடிவதற்குள் 'இன்னாடி' வந்துவிட்டது.

மறுநாள் உன்னை அணைமேல் கூட்டிப்போனேன். வெயில் படுகிற மேல்தண்ணீர் வெதுவெதுப்பாகவும் அடித்தண்ணீர் சில்லென்றும் இருக்கும், இரண்டும் லேசில் கலக்காது என்று சொன்னேன். தண்ணீர் உள்ளே இறங்கும் கோபுரத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று கதவுகள். வேண்டிய மட்டத்துத் தண்ணீரை எடுக்கத்தான் அப்படிக் கட்டியிருந்தார்கள். ஆனால் மேல் கதவைத் திறந்தால் இலையும் கட்டையும் வந்து கம்பி வலையை அடைக்கிறது என்று, பல வருஷமாக அடிக் கதவு மட்டும்தான் திறந்திருந்தது.

"கரண்டுக்கு எந்தத் தண்ணியா இருந்தாலும் ஒண்ணுதான்" என்றேன்.

"ஆத்துக்கு ஒண்ணு இல்லியே" என்றாய்.

அந்த வருஷமும் முட்டை பொரிக்காவிட்டால் பண்ணையை மூடிவிடுவதாக மேலிடத்தில் பேச்சு இருந்தது. குஞ்சுகளை வாங்கிக் குட்டைகளில் வளர்த்துப் பிழைத்த பெண்கள் கீழ் ஊர்களில் நிறையப் பேர். இருவரும் போய் எங்கள் செயற்பொறியாளரிடம் கேட்டோம். அவர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: "மெஷின் நின்னா நான் பதில் சொல்லணும். மீன் பொரிக்கலன்னா என்னை யாரும் கேக்க மாட்டாங்க."

"நான் கேக்கறேனே சார்" என்றாய்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு தடவை பார்க்கலாம் என்று ஒப்புக்கொண்டார்.

மேல் கதவை முழுக்கத் திறந்தோம். மழைக்கு அடித்துவந்த இலையெல்லாம் ஒரே இரவில் வலையில் வந்து அப்பிக்கொண்டது. விடிந்ததும் மெஷினை நிறுத்த வேண்டியதாயிற்று. திட்டு வாங்கிக்கொண்டு வெளியே வந்து, இதோடு விட்டுவிடலாம் என்று உன்னிடம் சொன்னேன். முழங்கால்வரை சேற்றோடு நின்றிருந்தாய். சேற்றை வழித்துப் போட்டுக்கொண்டே கேட்டாய்: "தெறந்தது தப்பா, முழுசா தெறந்தது தப்பா?"

அந்தக் கேள்வியோடுதான் திரும்பிப் போய்க் கணக்குப் போட உட்கார்ந்தேன். மேல் கதவைப் பாதி, நடுக் கதவை முழுசாகத் திறந்தால் மேலே இழுப்பு குறையும், இலையும் குறையும், கலந்து வரும் தண்ணீரும் அவ்வளவு குளிராது. மீதி இலையை அள்ள நீ கீழ் ஊர்ப் பெண்களையும் இரண்டு பரிசல்களையும் கொண்டுவந்துவிட்டாய். அவர்கள் மூங்கில் கொக்கியால் இலையை இழுத்துப் போட்டதைப் பார்த்துத்தான் செயற்பொறியாளர் இன்னொரு தடவைக்குச் சம்மதித்தார். கதவுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துகொண்டே, சூடு போதுமா என்று போனில் கேட்டேன். "கைய வச்சா தண்ணி இருக்கறதே தெரியக்கூடாது. இன்னும் கொஞ்சம்" என்றாய். மேல் கதவு பாதிக்கு வந்தபோது "போதும்" என்றாய்.

அடுத்த நாள் மதியம் உன் போன். "பொரிச்சிடுச்சுடி." ஓடி வந்தேன். தொட்டியில் கண்ணிமை மயிர் அளவுக்குக் குஞ்சுகள் ஆயிரக்கணக்கில் துடித்துக்கொண்டிருந்தன. நீ என் கையைப் பிடித்துத் தண்ணீரில் வைத்தாய்.

அந்தக் குஞ்சுகள் கொஞ்சம் வளர்ந்ததும் ஒரு பையில் காற்றடைத்து ஊருக்குக் கொண்டுவந்தோமே. பஸ்ஸில் வழியெல்லாம் பையை மடியில் வைத்து, வெயில் படாமல் முந்தானையால் மூடிக்கொண்டு வந்தாய். கண்டக்டர் குழந்தை என்று நினைத்து உனக்கு ஜன்னலோர இடம் வாங்கிக் கொடுத்தார். உன் தம்பி குட்டையில் இன்று பார்த்த கட்லா மீன்களெல்லாம் நாம் வருஷாவருஷம் கொண்டுவந்து விட்டவை.

போன சித்திரையில் ஆஸ்பத்திரியில் நீ வலியைப் பற்றிப் பேசவில்லை. "ஆடி வந்தா எல வரும். பரிசல சரி பண்ணி வைக்கச் சொல்லு" என்றாய். சரி என்றேன். வைகாசியில் நீ போய்விட்டாய்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. செயற்பொறியாளர் மாறிவிட்டார். புதியவர் பழையபடி அடிக் கதவே போதும் என்பாரோ என்று பயந்துகொண்டிருந்தேன். ஆடி பிறந்ததும் என்னைக் கூப்பிட்டார். "பரிசல்காரங்க வந்துட்டாங்களா? மேல் கதவு எப்பத் திறக்கறீங்க?" என்று கேட்டார். மேலே திறக்கலாமா, கூடாதா என்ற பேச்சே இல்லை.

உன் இடத்துக்கு ஒரு பெண் வந்திருக்கிறாள். அந்த மலைப் பக்கத்துப் பெண்தான். அந்த ஆடியில் ஒரு நாள் காலையில் போன் செய்தாள். "மேடம், இன்னைக்கு எந்தக் கதவு?" சொன்னேன்: மேல் கதவு பாதி, நடுக் கதவு முழுசு.

மறுநாள் பொரித்துவிட்டது என்று சொன்னாள். சந்தோஷத்தில் போனை எடுத்து உன் பெயரைத் தேடிய பிறகுதான் உறைத்தது. இப்போதும் எந்தக் கதவைத் தொடுவதற்கு முன்னாலும் கீழே இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டுதான் தொடுகிறேன். அது நீ எனக்குக் கொடுத்துவிட்டுப் போனது. அன்றைக்குச் சொல்ல முடியாததை இங்கே எழுதிவிடுகிறேன்: இந்த வருஷமும் பொரிச்சிடுச்சுடி.