அணைக்குக் கீழே இடுப்பளவு தண்ணீர்

சனி, 8 நவம்பர்

காலையில் வெயில். பத்து மணிக்கே மேற்கே கறுப்பு. வீடு வந்து சேர்ந்தது மாலை ஐந்தரை. காலணி, பெல்ட், தூண்டில் பெட்டி எல்லாம் காரின் பின்பெட்டியில் ஈரமாகவே கிடக்கின்றன. எடுக்க மனம் இல்லை.

ஜமால் நானா ஆஸ்பத்திரியில். உயிருக்குப் பயமில்லை என்றார் டாக்டர்.

நடந்ததை எழுதி வைக்கிறேன்.

ஆறு மணிக்குப் பெர்மாஸ் ஜெயாவில் அவருடைய சாப்பாட்டுக் கடை வாசலில் ஏற்றிக்கொண்டேன். சிம்பாங் ரெங்கம் டோலில் இறங்கி, செம்பனைத் தோட்டத்து மண் சாலை வழியாக அணைக்குக் கீழே. பன்னிரண்டு வருடமாக நாங்கள் இருவரும் போகும் இடம். அணையின் அடியிலிருந்து வரும் தண்ணீர், அதனால் சில்லென்று, கண்ணாடி மாதிரி. தொடையளவு. செபாராவ் மீன்கள் மேலே வந்து அடித்துக்கொண்டிருந்தன.

நானா வழக்கம்போல் காது மெஷின் இரண்டையும் கழற்றி டப்பாவில் போட்டுக் காரில் வைத்தார். நனைந்தால் கெட்டுவிடும். மெஷின் இல்லாவிட்டால் பக்கத்தில் பேசுவது கேட்காது, பலமாகக் கத்தினால் கேட்கும். அவர் ஆற்று நடுவில் உள்ள கூழாங்கல் திட்டுக்கு நடந்து போனார். நான் கொஞ்சம் மேலே, கரையோரப் பாறைக்குப் பக்கத்தில். இடையில் நாற்பது அடி இருக்கும்.

பத்தேகாலுக்கு அணையில் சைரன். தண்ணீர் திறக்கப் போகிறார்கள். நான் கத்தினேன். கேட்கவில்லை. தண்ணீர் ஏறிவிட்டது. அவருக்கு இடுப்பு, பிறகு மார்பு, பிறகு கால் தரையில் இல்லை. எதிர்க்கரையில் செம்பனைக் குலை வெட்டிக்கொண்டிருந்த இந்தோனேசியத் தொழிலாளி ஒருவர், லோம்போக்காரர், கம்பு நுனியில் இருந்த அரிவாளைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்த நீளக் கம்பை நீட்டினார். நானா பிடித்துக்கொண்டார். வலது தோள் கழன்றுவிட்டது. நிறையத் தண்ணீர் குடித்துவிட்டார்.

ஆற்றோடு போனவை: அவர் தூண்டில் ராட், மூக்குக் கண்ணாடி, ஒரு காலணி.

இரண்டு மணிக்கு அவர் மனைவி ஹமீதா அக்காவும் மகள் சபீனாவும் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். அக்கா அழவில்லை. என் எதிரில் வந்து நின்றார்.

"சைரன் அடிச்சதும் கத்துனீங்களா தம்பி?"

"கத்துனேன்க்கா."

"நீங்க இல்லன்னா இன்னிக்கு இவரு இல்ல."


ஞாயிறு, 9 நவம்பர்

மழை, விடாமல். வீட்டில் விமலா ரசம் வைத்துக் கொடுத்தாள். எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு. பார்க்கிங் தேடியே முக்கால் மணி நேரம்.

நானாவுக்குக் காய்ச்சல். நெஞ்சில் கொஞ்சம் சளி கட்டியிருக்கிறதாம். தோளில் பட்டை. பக்கத்துக் கட்டில் சீனக் கிழவர் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்து, "அலமாக், இன்னிக்கும் கஞ்சியா" என்று மலாயில் நர்ஸிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். நானா சிரிக்கப் போய் இருமல் வந்துவிட்டது.

இருமல் நின்றதும் சொன்னார்: "உன் சத்தம் கேட்டுச்சு குணா. 'ஆயர், ஆயர்'னு, தண்ணி தண்ணினு மலாய்ல கத்துனியே. கேட்டுச்சு. ஆனா அது என்னன்னு புரியறதுக்குள்ள தண்ணி வந்துருச்சு. காது மட்டும் இல்ல, மண்டையும் மெதுவாப் போச்சு போல."

நான் ரசத் தூக்கின் மூடியைத் திறந்தேன்.

சபீனா: "வாப்பா, இனிமே ஆறும் வேணாம், காரும் வேணாம். ரோட்டுல யாராச்சும் ஹார்ன் அடிச்சாலும் இப்படித்தான லேட்டாப் புரியும்?"

அவர் வாதாடவில்லை. கடையில் யாருக்கும் விட்டுக்கொடுக்காத மனுஷன். கட்டில் பக்கத்து மேசை டிராயரைக் காட்டினார். சபீனா கார் சாவியை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

ரசத்தை ஒரு வாய்தான் குடித்தார்.


திங்கள், 10 நவம்பர்

வேலை. மூன்றாம் லைன் காலை முழுவதும் நின்றது, பெல்ட் மோட்டார். தெப்ராவ் வட்டாரம் முழுக்கக் கரண்ட் இரண்டு தடவை போய் வந்தது. கேன்டீனில் யாரோ: "குணா அண்ணன்தான் ஆள காப்பாத்துனாராம், தெரியுமா?" எப்படி இங்கே வரை வந்தது?

சனிக்கிழமை பக்கத்தில் பொய் எழுதியிருக்கிறேன். யாரும் படிக்காத நோட்டில் எதற்குப் பொய்? இப்போது சரியாக எழுதுகிறேன்.

சைரன் அடிப்பதற்குச் சற்று முன் எனக்கு மீன் மாட்டியது. பாறைக்குக் கீழே ஆழத்தில். ஒரே இழுப்பில் நூல் முப்பது அடி ஓடியது. ஒரு தடவை மேலே புரண்டது. வெள்ளி உடம்பு, நடுவில் கறுப்புப் பட்டை, சிவந்த வால். பன்னிரண்டு வருடத்தில் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை.

அப்போது சைரன். எனக்கு நன்றாகக் கேட்டது. நானா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தூண்டிலில் ஏதோ கட்டிக்கொண்டிருந்தார். அவ்வளவு தூரத்துச் சைரன் மெஷின் இல்லாமல் அவருக்குக் கேட்காது என்று எனக்குத் தெரியும். சைரனுக்குப் பிறகு தண்ணீர் எங்கள் இடத்துக்கு வர எப்போதும் கால் மணி நேரம் ஆகும். இரண்டு நிமிடம், மீனைக் கரையில் போட்டுவிட்டுக் கூப்பிடலாம் என்று இருந்தேன்.

அது மட்டும் இல்லை. அவர் கரைக்கு வர வேண்டுமானால் என் நூலைக் கடந்துதான் வர வேண்டும். இப்போது கூப்பிட்டால் மீன் போய்விடும் என்று நினைத்தேன். நினைத்தேன். இதுதான் உண்மை.

மேலே மலையில் முதல் நாள் மழை. அணை நிறைந்திருந்திருக்க வேண்டும். கால் மணி நேரம் ஆகவில்லை, ஐந்தாறு நிமிடம்தான். முதலில் சருகு மிதந்து வந்தது, பிறகு கலங்கல். எனக்கே முழங்காலிலிருந்து இடுப்புக்கு ஏறிவிட்டது. அப்போதும் நான் மீனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கத்தியவர் லோம்போக்காரர். "ஆயர் நாயிக், பாச்சிக்! ஆயர் நாயிக்!" தண்ணீர் ஏறுது மாமா, தண்ணீர் ஏறுது. நானா கேட்ட குரல் அவருடையது. என் வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

நூல் எப்போது அறுந்தது என்று தெரியவில்லை. கீழே உள்ள பாலம் சுற்றி எதிர்க்கரைக்கு ஓடிப் போய்ச் சேர்ந்தபோது ராட் என் கையில்தான் இருந்தது. அவர் மண்ணில் குப்புறக் கிடந்தார்.


செவ்வாய், 11 நவம்பர்

சொல்லலாம் என்று மதியம் நானாவுக்குப் போன் போட்டேன். சபீனா எடுத்தாள். "தூங்குறாங்க அங்கிள். ஏதும் சொல்லணுமா?"

"ஒன்னும் இல்லம்மா. சும்மா."


வியாழன், 13 நவம்பர்

வெயில், புழுக்கம். நானா வீட்டுக்கு வந்துவிட்டார். விமலாவும் நானும் மாலை போனோம். ஆப்பிள், ஹார்லிக்ஸ்.

வீடு நிறைய ஆட்கள். ஹமீதா அக்கா ஒவ்வொருவரிடமும் என்னைக் காட்டி, "இவர்தான், கத்துனவரு." ஒரு பெரியவர் என் தோளைப் பிடித்து, "அல்லாஹ் ஒங்களுக்கு நீண்ட ஆயுசு தரணும்" என்றார். நான் தலையை ஆட்டினேன். ஆட்டினேன்!

நானா நாற்காலியில். இளைத்துவிட்டார். யாராவது ஏதாவது கேட்டால் பதில் சொல்லும் முன் மகள் முகத்தைப் பார்க்கிறார், சரியாகத்தான் கேட்டுக்கொண்டோமா என்று. இது புதிது. கடையையும் இனி மருமகன் பார்ப்பாராம். "கல்லாவுல நின்னு ஏதாச்சும் தப்பா வாங்கிட்டேன்னா?" என்றார்.

பிறகு என்னை உள்ளறைக்குக் கூப்பிட்டார். சுவரில் சாய்த்து வைத்த ஐந்து ராட். ரீல்கள் துணியில் சுற்றி.

"எல்லாத்தையும் நீ எடுத்துட்டுப் போ. எனக்கு இனிமே எதுக்கு? நீதான் வச்சுக்கணும்."

எடுத்துக்கொண்டேன். ஐந்தையும். கார் வரை தூக்கிக்கொண்டு வந்தேன்.

தெப்ராவ் ஹைவேயில் ஜாம். வி. கேட்டாள், "அங்கேருந்து ஒரு வார்த்தை பேசல நீங்க. என்னாச்சு?" சொல்லிவிட்டேன், முழுவதும். சிக்னல் மூன்று தடவை மாறியது.

கடைசியில், "நீங்க இருக்கீங்கன்னுதான மெஷினக் கழட்டி வச்சாங்க" என்றாள்.

வீட்டு வாசலில் இறங்கும்போது: "நீங்களே போய் சொல்லுங்க. நான் கூட வரமாட்டேன்."


வெள்ளி, 14 நவம்பர்

நானா வீட்டில் துஆ ஓதி விருந்து. என்னை முன்வரிசையில் உட்காரச் சொன்னார்களாம். ஓ.டி. இருக்கிறது என்று மெசேஜ் அனுப்பினேன். ஓ.டி. இல்லை. கம்பெனி பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்திருந்தேன், ஏழு மணி வரை.

வீட்டுக்கு வந்தால் மேசையில் பிரியாணிப் பொட்டலம். மருமகன் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். வி. தொடவில்லை. நானும்.


சனி, 15 நவம்பர்

காலை பத்து மணி. தூறல். ராட் ஐந்தையும் காரில் போட்டுக்கொண்டு போனேன்.

வீட்டில் நானாவும் அக்காவும் மட்டும். அக்கா அடுக்களையில். நானா பேப்பரைக் கண்ணுக்கு மிகப் பக்கத்தில் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார், புதுக் கண்ணாடி இன்னும் வரவில்லை.

நின்றுகொண்டே சொன்னேன். உட்கார்ந்தால் வேறு பேச்சு வந்துவிடும் என்று பயம்.

"நானா, அன்னிக்கு நான் கத்தல. சைரன் எனக்குக் கேட்டுச்சு. மீன் மாட்டியிருந்துச்சு. ஒங்களக் கூப்பிட்டா நூலக் கடந்து வருவீங்க, மீன் போயிடும்னு கூப்பிடல. கத்துனது எதிர்க்கரைக்காரர்."

அவர் பேப்பரை மடித்தார். காது மெஷினைத் தொட்டுச் சரிசெய்தார். என்னைப் பார்க்காமல் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஹமீதா, இங்க வா. குணா ஒன்னு சொல்றான். நீயும் கேளு."

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"சொல்லு" என்றார் நானா.

மறுபடியும் சொன்னேன். முதல் தடவை வாயில் வந்த வார்த்தைகள் இரண்டாம் தடவை வரவில்லை. மீன் என்ற இடத்தில் நிறுத்தி மறுபடி ஆரம்பித்தேன். சில கிலோ எடையுள்ள ஒரு பிராணிக்காக என்று அக்காவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.

அக்கா கையை மறுபடி துடைத்தார். பிறகு, "அப்ப அந்த மனுசன் பேரு என்ன?"

"தெரியலக்கா."

"தெரியாதா?"

"கேக்கல."

"அஞ்சு வேளையும் ஒங்க பேரச் சொல்லித்தான் துஆ கேட்டேன் தம்பி." அவ்வளவுதான். உள்ளே போய்விட்டார். குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம், பாத்திரச் சத்தம் இல்லாமல்.

நானா தரையைப் பார்த்துக்கொண்டு: "அந்தாளு கத்துனதும் நான் திரும்புனேனா?"

"ஒடனே திரும்புனீங்க நானா. நான் பாத்தேன்."

"ஒடனேவா?"

"ஒடனே. அவரு கத்துறப்பவே தண்ணி ஏறியிருந்துச்சு."

"அப்ப என் மண்டை சரியாத்தான் இருக்கு."

"சரியாத்தான் இருக்கு."

இடது கையால் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு வாரமாக இந்த மனுஷன் தனக்குள்ளே எதற்குப் பயந்துகொண்டிருந்தார் என்று அப்போதுதான் எனக்கு முழுதாகத் தெரிந்தது.

பிறகு கையை எடுத்து, ரொம்பச் சாதாரணமாக: "மீனு எவ்ளோ இருக்கும்?"

"தெரியல."

"இனிமேயும் பொய் சொல்லாத."

"நாலு கிலோ."

"நாலு கிலோ." தலையை மெதுவாக ஆட்டினார், யாரோ ஒரு சாமானின் விலையைச் சொன்ன மாதிரி. "சரி. ராடெல்லாம் கொண்டாந்தியா? அந்த மூலைல வச்சிட்டுப் போ."

வைத்தேன். வெளியே வந்து கேட்டைச் சாத்தும்போது அவர் எழுந்து நிற்கவில்லை. எப்போதும் கார் திரும்பும் வரை வாசலில் நிற்பவர்.


ஞாயிறு, 16 நவம்பர்

ஒன்றும் இல்லை. துணி துவைத்தேன். பல்லி ஒன்று போன் சார்ஜர் ஒயரில். போன் அடிக்கவில்லை.


செவ்வாய், 18 நவம்பர்

லீவு போட்டேன். மழை விட்டு விட்டு. சிம்பாங் ரெங்கம் தாண்டித் தோட்டத்துக்குள் போய், எதிர்க்கரைப் பக்கம் குலை வெட்டுவது யார் என்று விசாரித்தேன். எடை போடும் இடத்தில் ஆளைக் காட்டினார்கள். குட்டையான ஆள், என்னைவிடப் பத்து வயது குறைவு. பெயர் ஹெரி. என்னை அடையாளம் தெரிந்தது. "ராட் வச்சிருந்தவர்" என்றார் மலாயில்.

நன்றி சொன்னேன். கையை ஆட்டி மறுத்தார். "சும்மா கத்துனேன், அவ்வளவுதான். யாரா இருந்தாலும் கத்துவாங்க."

அவர் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தேன்.

ஆற்றுப் பக்கம் போகவில்லை.

பெயரையும் இடத்தையும் ஹமீதா அக்காவுக்கு வாட்ஸ்அப் பண்ணினேன். இரண்டு நீலக் கோடு. பதில் இல்லை.


வியாழன், 20 நவம்பர்

பெர்மாஸ் ஜெயா வழியாக வர வேண்டிய வேலை. கடை முன்னால் சிக்னல். உள்ளே கல்லாவில் நானா நின்றுகொண்டிருந்தார், புதுக் கண்ணாடி, ஒரு கை கட்டுக்குள். இன்னொரு கையை நீட்டி, சாப்பாடு பரிமாறுகிறவரை அதட்டிக்கொண்டிருந்தார். நல்ல அதட்டல், கார் கண்ணாடியை ஏற்றியிருந்தும் கொஞ்சம் கேட்டது. பச்சை விழுந்தது. பின்னால் லாரி ஹார்ன்.


சனி, 22 நவம்பர்

காலை வெயில். வி. கறிவேப்பிலைத் தொட்டியை மாற்றி வைக்கச் சொன்னாள், வைத்தேன். விரலில் மண்.

பதினொன்றரைக்கு நானாவிடமிருந்து மெசேஜ். அவர் எழுதுவதே அபூர்வம், எப்போதும் போன்தான். அப்படியே கீழே:

"ஹெரிய பாத்துட்டு வந்தோம். சபீனா ஓட்டுனா. சாவிய திருப்பி வாங்கிட்டேன் தோள் ஆறுனதும் நானே ஓட்டுவேன். ஆத்துக்கும் போவேன். நீ வந்து சொன்னது நல்லது. ஆனா என் கூட இனிமே ஆத்துக்கு வராத குணா."

மூன்று தடவை படித்தேன். கோபமான வார்த்தை ஒன்றுகூட இல்லை. 'சரி நானா' என்று எழுதி அழித்தேன். நீளமாக ஏதோ எழுதி, அதையும் அழித்தேன். மறுபடி 'சரி நானா' என்று எழுதி அனுப்பினேன்.

வி. அடுக்களையிலிருந்து, "யாரு?"

"நானா."

"என்ன சொல்றாங்க?"

"நல்லா இருக்காராம்" என்றேன். பிறகு எழுந்து போய் போனை அவள் கையில் கொடுத்தேன்.