குதிரைக்கென்று ஒரு தலைப்பு இல்லை

18 ஜூலை 2025, வெள்ளி

மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்து வரும்போது இன்றும் மூன்று இடங்களில் லத்தி. கோயில் முனையில் ஒன்று, டிரான்ஸ்பார்மர் அருகே ஒன்று, என் வீட்டு கேட்டுக்கு நேரே ஒன்று. எல்லாம் அதாவுல்லாவின் குதிரையின் உபயம்.

அவர் கல்யாண ஊர்வலங்களுக்குக் குதிரை விடுகிறவர். அத்திப்பள்ளி வரைக்கும் மாப்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும் வெள்ளைக் குதிரை. பெயர் பேபி. ஆடி பிறந்துவிட்டதால் முகூர்த்தம் இல்லை. சும்மா கட்டிவைத்தால் கால் வீங்கும் என்று தினம் இருமுறை எங்கள் தெருவில் நடத்திக் கூட்டிப்போகிறார். நடையும் இங்கேதான், மற்றதும் இங்கேதான்.

நிறுத்திக் கேட்டேன். "புல்லு தின்ற ஜீவன் டீச்சரம்மா. நாலு மணி நேரம் வெயில்ல கெடந்தா பவுடராயிரும்" என்றார்.

"பவுடராகி யார் மூக்கில் போகும்?"

சிரித்தார். "உங்க மூக்குக்கு நான் கேரண்டி குடுக்க முடியுமா? அதான் தெரு பெருக்குற நாராயணம்மா வந்து அள்ளிடுதே."

நான் டீச்சர் இல்லை. முப்பத்தொரு வருடம் சிப்காட்டில் இயக்குநரின் செயலாளராக இருந்தவள். எத்தனை முறை சொன்னாலும் இந்தத் தெருவுக்கு நான் டீச்சரம்மாதான். குரலை வைத்து முடிவு செய்துவிட்டார்கள்.

21 ஜூலை, திங்கள்

எதிர் வீட்டு ஹரிணி என் போனில் மாநகராட்சியின் புகார் செயலியை ஏற்றிக் கொடுத்தாள். ஒன்றரை வயதுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டாள். "போட்டோ எடுங்க ஆண்ட்டி, தலைப்பு தேர்ந்தெடுங்க, அனுப்புங்க. அவ்ளோதான்."

தலைப்புகளில் தெருவிளக்கு உண்டு, சாக்கடை உண்டு, தெருநாய் உண்டு. குதிரைக்கென்று ஒரு தலைப்பு இல்லை. இருப்பதில் நெருக்கமானது 'துப்புரவுப் பணி நடைபெறவில்லை'. அதையே தேர்ந்தேன். கீழே விவரப் பெட்டியில் நாள், நேரம், இடம், உரிமையாளர் பெயர், கோரிக்கை — ஐந்தே வரிகள். ஒரு சொல் மிகையில்லை. எங்கள் இயக்குநர் இருந்திருந்தால் படித்துவிட்டு, "பவுலினா, இதுக்கு மேல ஒருத்தன் என்ன எழுத முடியும்?" என்றிருப்பார்.

22 ஜூலை

'தங்கள் புகார் தீர்க்கப்பட்டது.' சுத்தமான தெருவின் படத்துடன். இருபத்தாறு மணி நேரம்!

30 ஜூலை, புதன்

தினமும் அனுப்புகிறேன். தினமும் தீர்க்கிறார்கள். மறுநாள் பேபி திரும்பவும். அதாவுல்லாவுக்கு ஒரு நோட்டீஸாவது போயிருக்க வேண்டாமா? அவர் என்னைப் பார்த்து வழக்கம்போல் வணக்கம் வைக்கிறார்.

ஒருத்தி எழுதினால் போதாது போலும். தெரு வாட்ஸாப் குழுவில் எல்லாரையும் புகார் அனுப்பச் சொன்னேன். எந்தத் தலைப்பு, என்ன வாசகம் என்று மாதிரியும் போட்டேன். கடைசி வரி: 'பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதும் குற்றமே.' ஏழு பேர் கைகூப்பினார்கள்.

4 ஆகஸ்ட், திங்கள்

நாராயணம்மா பெருக்கி முடித்துவிட்டு கேட் அருகே நின்றாள். அவளுக்கென்று வைத்திருக்கும் டம்ளரில் காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். பதினோரு வருட வழக்கம். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே, "அம்மா, என் மேல எதுனா கோவமா?" என்றாள்.

"உன் மேல் எனக்கென்ன கோபம்?"

"ஒண்ணுமில்லம்மா. சும்மா கேட்டேன்."

டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள். என்ன கேள்வி இது?

7 ஆகஸ்ட், வியாழன்

மஞ்சள் சட்டையில் புது ஆள் ஒருவர் பெருக்குகிறார். பெருக்குவது மகா மோசம். நாராயணம்மா எங்கே என்றேன்.

"அதை பஸ் ஸ்டாண்டுக்கு மாத்திட்டாங்க மேடம். இந்தத் தெருவுலதான் கம்ப்ளெயின்ட் ஜாஸ்தியாம். சரியா வேலை செய்யலன்னு மெமோ குடுத்துட்டாங்க."

குதிரையைப் பற்றித்தானே எழுதினேன்!

8 ஆகஸ்ட், வெள்ளி

ஆட்டோ பிடித்துப் பஸ் ஸ்டாண்ட் போனேன். பெங்களூர் பஸ்கள் நிற்கும் பக்கம் சாக்கடை ஓரத்தில் இருந்தாள். என்னைக் கண்டதும் விளக்குமாற்றைக் கீழே வைத்துவிட்டுத் தலைத்துணியைச் சரிசெய்தாள். அந்த மரியாதைதான் எனக்குத் தாங்கவில்லை.

வேலை கடினமா என்று கேட்டேன். "வேலை எங்கனாலும் வேலைதான்மா. அவருதான்..." என்றாள்.

அவள் கணவர் முனிசாமிக்குப் பக்கவாதம் வந்து மூன்று வருடமாகிறது என்பது எனக்குத் தெரியும். வீடு எங்கள் தெருவின் பின்னால், ஓடையைத் தாண்டி. நான் போனதில்லை. தெரியாதது இதுதான்: தினம் பத்து மணிக்குத் தள்ளுவண்டியைக் கோயில் மதிலோரம் நிறுத்திவிட்டு ஓடிப்போய் அவருக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு வருவாளாம். பதினைந்து நிமிடம். பழைய மேஸ்திரிக்குத் தெரியும், கண்டுகொள்ளமாட்டார்.

"இங்கேருந்து எப்டிம்மா ஓடறது? காலையிலயே கிண்ணத்துல ஊத்திப் பக்கத்துல வெச்சிட்டு வர்றேன். ஒரு கைதான் வருது. பாதி பாய்லதான் கெடக்கும். மூணு மணிக்கு நான் போய்ப் பாத்தா எறும்பு."

அப்போது சொல்லியிருக்க வேண்டும், எழுதியது நான்தான் என்று. நாக்கு வரை வந்தது. வெயில் அதிகம், தண்ணீர் குடி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

11 ஆகஸ்ட், திங்கள்

மாநகராட்சி அலுவலகம். மூன்று பத்தியில் கடிதம், தட்டச்சு செய்து, நகலோடு. தவறு துப்புரவுப் பணியாளருடையதல்ல, விலங்கின் உரிமையாளருடையது; ஆகவே இடமாற்றத்தை ரத்துசெய்க.

மேற்பார்வையாளர் சின்ன வயது. மரியாதையாகவே பேசினார். திரையை என் பக்கம் திருப்பினார். என் பெயரில் மட்டும் பதினெட்டு புகார். பதினெட்டின் மேலும் ஒரே வரி: துப்புரவுப் பணி நடைபெறவில்லை.

"கீழே விவரம் எழுதியிருக்கிறேனே. யாராவது படித்தீர்களா?"

"தலைப்பை வெச்சுதாங்க மேடம் யாருக்குப் போகணும்னு அதுவே பிரிக்கும். தலைப்பு துப்புரவுன்னா அந்தத் தெரு பணியாளர் பேர்ல ஏறிடும். நீங்க 'இதர' போட்டிருக்கணும்."

"குதிரைக்காரரை என்ன செய்வீர்கள்?"

"அது வேற செக்‌ஷன் மேடம்."

என் புகார்களைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்றேன். தீர்ந்த புகாரைத் திரும்பப் பெற முடியாதாம். எழுபத்தாறு வயதில் ஒரு மேசைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கடைசியில் அவரே இரக்கப்பட்டு, "மூணு மாசம் உங்க தெருவுலேருந்து துப்புரவுல ஒரு புகாரும் வராம இருந்தா, அந்தம்மாவைத் திருப்பிப் போட எழுதிப் பார்க்கலாம். ஒண்ணு வந்தாலும் கஷ்டம்" என்றார்.

'இதர.' பட்டியலில் கடைசியாக இருந்தது. பார்த்தேன். தெளிவில்லாத சொல் என்று ஒதுக்கினேன். நானேதான் ஒதுக்கினேன்.

13 ஆகஸ்ட், புதன்

ஐந்தரைக்கே எழுந்து பழைய முறமும் வாளியுமாகத் தெருவில் இறங்கினேன். குனிந்தால் நிமிர முடியவில்லை. இரண்டை அள்ளினேன். மூன்றாவது என்னால் ஆகவில்லை.

பூசை முடிந்து நேரே அதாவுல்லாவிடம் போனேன். இனி அவரே அள்ள வேண்டும் என்றேன். காரணமும் சொன்னேன், முழுவதும். அவர் முகம் மாறியது.

"நாராயணம்மாவையா மாத்தினாங்க? அடப்பாவமே." அப்புறம், "நான் அள்ளாதது தப்புதான். ஆனா எழுதினது நான் இல்லியே டீச்சரம்மா" என்றார்.



அள்ளுகிறேன் என்று வாக்குக் கொடுத்தார். "ஒரு கையில கயிறு, ஒரு கையில முறம். பேபி குனிய விடமாட்டாளே, இழுப்பா. பாக்கலாம்."

16 ஆகஸ்ட், சனி

மாதா திருநாள் முடிந்த கையோடு தையல் மிஷினைத் திறந்தேன். குதிரையின் பின்னால் கட்ட ஒரு பை. விழுவது பைக்குள் விழட்டும். வெளியே ரெக்சின், உள்ளே இரட்டைக் கித்தான், ஓரமெல்லாம் மடித்து இரட்டைத் தையல். கான்வென்டில் சிஸ்டர் சொல்லிக்கொடுத்தது: உள்பக்கமும் வெளிப்பக்கம் போலவே இருக்க வேண்டும். அளவு எடுக்க நான் தூரத்தில் நின்று சொல்ல, அதாவுல்லா நாடாவைப் பிடித்தார். "மாப்பிள்ளைக்குக்கூட இப்டி யாரும் அளவெடுக்கல" என்றார்.

மாலை கட்டிப் பார்த்தோம். வாலடியில் ஏதோ தட்டியதும் பேபி மிரண்டு இரண்டு கால்களையும் உதைத்துப் பின்வாங்கி, மதிலில் பையைத் தேய்த்துக் கிழித்துவிட்டுத்தான் நின்றது. அதாவுல்லாவின் முழங்கையில் ரத்தம்.

"பழக்கணும் டீச்சரம்மா. ஒரு மாசமாவது ஆகும். நாளைக்கு ஆவணி. வரிசையா ஊர்வலம் இருக்கு. இவ மிரள ஆரம்பிச்சா எவன் ஏறுவான்?"

பையை வாங்கி வந்தேன். தையல் விடவில்லை. துணிதான் கிழிந்திருக்கிறது.

20 ஆகஸ்ட், புதன்

இனி யாரும் புகார் அனுப்ப வேண்டாம் என்று குழுவில் எழுதினேன். காரணத்தையும் எழுத உட்கார்ந்தேன். எழுதி, அழித்து, எழுதி... 'சில காரணங்களால்' என்று முடித்துவிட்டேன். சில காரணங்களால்! வேறு யாராவது இப்படி எழுதியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்?

அதாவுல்லா நான்கு நாள் அள்ளினார். ஊர்வலம் இருக்கும் நாட்களில் குதிரையை நடத்திவருவது வேறொருவர். அவருக்குத் தமிழும் இல்லை, முறமும் இல்லை.

24 ஆகஸ்ட், ஞாயிறு

ஹரிணி குழந்தையின் வண்டிச் சக்கரம் லத்தியில் ஏறிவிட்டது. குழந்தை கையால் தொட்டு வாயில் வைத்துவிட்டதாம். குழுவில் படத்தோடு: 'புகார் அனுப்பிட்டேன்.' என் மாதிரி வாசகம், என் தலைப்பு.

ஓடினேன். கதவைத் தட்டி, "ஏம்மா அனுப்பின? வேணாம்னு சொன்னேனே!" என்று கத்திவிட்டேன்.

அவள் குழந்தையின் வாயைத் துடைத்துக்கொண்டே, "சும்மா இருக்கிறதும் குற்றம்னு நீங்கதானே ஆண்ட்டி சொன்னீங்க?" என்றாள். அதில் குத்தல் இல்லை. நிஜமாகவே கேட்டாள்.

அவள் மேல் என்ன தப்பு? அவள் குழந்தை. அவள் தெரு.

25 ஆகஸ்ட்

'தங்கள் தெருவின் புகார் தீர்க்கப்பட்டது.'

27 ஆகஸ்ட்

மேற்பார்வையாளருக்கு போன் செய்தேன். "நான்தான் அன்னிக்கே சொன்னேனே மேடம்." மூன்று மாதம் மறுபடி முதலிலிருந்து. அதுவும் நிச்சயம் இல்லை.



2 செப்டம்பர், செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

இரண்டரை மணி வரை பஸ் ஸ்டாண்டில் காத்திருந்து, அவள் வேலை முடிந்து வந்ததும், நின்றபடியே. எழுதியது நான், தெருவை எழுத வைத்தது நான், மாற்ற முயன்றேன், முடியவில்லை. இந்த நான்கையும் ஆட்டோவிலேயே வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். சொல்லும்போது வரிசை போய்விட்டது.

நாராயணம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். "தெரியும்மா. மேஸ்திரி பேரைக் காட்டினாரு. அதான் அன்னிக்கு வந்து கேட்டேன், கோவமான்னு."

பதினோரு வருடம் என் வாசலைப் பெருக்கியவள். அன்று என் முகத்தைப் பார்த்து அவள் அதைக் கேட்டபோது, காபி ஆறுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. திட்டவும் இல்லை. திட்டியிருக்கலாம்.

ஒன்பதாம் நம்பர் பஸ் வந்தது. ஏறப் போனவளிடம், "வீட்டுச் சாவி எங்கே வைப்பாய்?" என்றேன்.

நின்று என்னைப் பார்த்தாள். கண்டக்டர் விசில் அடித்தார்.

"பூட்டறதில்லம்மா" என்றாள்.

19 செப்டம்பர், வெள்ளி

முனிசாமிக்கு இன்று என் கஞ்சியில் உப்புப் போதவில்லை. நேற்று கரித்ததாம். குழறிக் குழறி, ஆனால் விடாமல் சொல்கிறார். முந்தாநாள் ஐந்து நிமிடம் தாமதித்ததற்கு, பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் சத்தம் கேட்டு அரை மணிக்கு மேல் ஆயிற்று என்று கணக்குக் காட்டினார். எனக்குச் சரியான ஆள். ஊட்டி, வாயைத் துடைத்து, எழும்போது முட்டி பிடித்துக்கொண்டது. அசையும் ஒரே கையை நீட்டி, "பாத்து" என்றார். அந்த வீட்டு டம்ளரில் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டு வந்தேன்.

நாராயணம்மா இன்னும் பஸ் ஸ்டாண்டில்தான். ஹரிணி நேற்றும் புகார் அனுப்பினாள். 'இதர' என்ற தலைப்பில். நான் சொல்லிக்கொடுத்தபடி. பதில் இன்னும் இல்லை.

காலையில் தூக்குவாளியோடு கிளம்பும்போது கோயில் முனையில் பேபியின் லத்தி. புதிது, ஆவி பறந்துகொண்டிருந்தது. பத்துக்கு ஐந்து நிமிடம். கஞ்சி கையில் சுட்டது. ஓரமாக ஒதுங்கி நடந்தேன்.