மணி அடித்தும் எழாத கேப்டன்

இன்று பாடாங் செராய் பேருந்து நிறுத்தத்தில், பக்கத்தில் இருந்த பெண் ஜெருக் என்கிற ஊறவைத்த மாங்காய்ப் பொட்டலத்தைப் பிரித்தாள். அந்தப் புளிப்பு வாசனைக்கு என்னையறியாமல் கையை நீட்டிவிட்டேன். நீ எனக்குக் கடைசித் துண்டைத்தான் தருவாய், அதுவும் பாதி கடித்து.

வகுப்பின் பின்வரிசையில் அதைத் தின்றுகொண்டேதான் செவ்வாய்க் கிரகத்தில் குடியேறியவர்களின் கதையை எழுதினோம். அவர்களுடைய மூச்சுக்காற்றுக்குப் பூமி வரி கேட்டது உன் யோசனை. கதையில் வரும் கேப்டனும் நீதான். காவல் நேரத்தில் தூங்குவாள், அடுத்தவர் ரொட்டியைத் திருடுவாள். பள்ளித் தமிழ்க் கழக இதழில் அது வந்ததும், இரண்டாம் பாகத்தில் விடுதலைப் போர் என்று முடிவு செய்தோம்.

"சுதந்திரம் கெடச்சதும் மொத வேலையா என்ன செய்வாங்க?" என்று கேட்டேன்.

"பெல் அடிச்சாலும் எந்திரிக்க மாட்டாங்க லா. வேற எதுக்குடி சண்ட?"

அதை எழுதத் தொடங்குவதற்குள் காய்ச்சலில் நீ போய்விட்டாய். நான் தனியாக எழுதினேன். என் கேப்டன் தன் ரொட்டியைக் குழந்தைகளுக்குக் கொடுக்கிறாள், பூமிப் படைக்கு முன்னால் நின்று நீண்ட உரையாற்றி உயிரை விடுகிறாள். ஆசிரியை படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வரும் வெள்ளிக்கிழமை கழகக் கூட்டத்தில் வாசிக்கச் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது. நீ இறந்ததால்தான் கதை இவ்வளவு நன்றாக வந்தது என்றுகூட ஒரு கணம் தோன்றியது. இதை எழுதவே கை கூசுகிறது.

உன் முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் கதையை உன் அம்மாவிடம் கொடுத்தேன். தேவாலயப் படியில் உட்கார்ந்து முழுவதையும் படித்தார்.

"நல்லா எழுதியிருக்கம்மா. ஆனா, ரொட்டியத் தூக்கிக் குடுக்குற இந்தப் புள்ள யாரும்மா? எம்மவ தம்பி தட்டுலேர்ந்துல்ல எடுத்துத் திம்பா."

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கைதட்டலுக்காக உன்னை நான் யாரோ ஒரு நல்ல பிள்ளையாக்கியிருந்தேன்.

அந்த உரையையும் சாவையும் அடித்து நீக்கிவிட்டேன். இப்போது போர் முடிந்து, செவ்வாயில் விடுதலையின் முதல் காலை. மணி அடிக்கிறது. கேப்டன் எழவில்லை. தலையணைக்கடியில் யாருடைய ரொட்டியோ இருக்கிறது. யாரும் அவளை எழுப்பவில்லை.

"மொதல்ல எழுதினதுதான் உருக்கமா இருந்துச்சு," என்கிறார் ஆசிரியை. இருந்தாலும் இதைத்தான் வாசிக்கப் போகிறேன். வெட்கம் இன்னும் போகவில்லை. உன்னைப் பற்றி ஒரு வரி எழுதினாலும் உன் அம்மாவின் குரல் பக்கத்தில் வந்து கேட்கிறது: "இது யாரும்மா?"