ஏழாம் நம்பர் படகு

காலையிலிருந்து டெல்லி துவாரகா வீட்டு வாசலில் பெயின்ட் கரைக்கும் தின்னர் வாசனை. நம் குடியிருப்பு சொசைட்டியில் எல்லாக் கதவுகளின் பெயர்ப்பலகையையும் புதிதாக எழுதுகிறார்கள். நம் கதவுக்கு வந்த பெயின்டர் துணியைத் தின்னரில் நனைத்துக்கொண்டு, உங்கள் பேரைக் காட்டி, "புரானா நாம் ஹட்டா தூம், மாதாஜி?" என்று கேட்டார். பழைய பேரை எடுத்துவிடவா என்கிறார். நீங்கள் போன பிறகு வீடு என் பேருக்கு மாறிவிட்டதாம். "ருக்கோ" என்று நிறுத்திவிட்டு உள்ளே வந்து உங்களுக்கு இதை எழுதுகிறேன். அவர் டீ குடித்துவிட்டு வரட்டும். ஒரு பேரை அழிப்பது எனக்கு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

நான் பள்ளிக்கூடம் பார்க்காதவள். எங்கள் கரையில் ஏற்றி நிறுத்திய படகுகளில் எது யாருடையது என்று கேட்டு வைத்துக்கொண்டு, அவற்றின் பேர்களிலிருந்து எழுத்தைப் பிரித்துக் கற்றேன். எந்தப் படகிலும் என் பேர் இல்லை, அதிலுள்ள 'ஞ்' என்ற எழுத்தும் இல்லை. அதனால் என் பேரை எழுத மட்டும் எனக்குத் தெரியாது. நம் கல்யாணமான மறுமாதம் உங்கள் அண்ணன் புதுப்படகு இறக்கினார். வீட்டுக்கு வந்த மருமகள் பேரை வைப்பது உங்கள் குடும்ப வழக்கம். படகின் மூக்கில் நீலப் பெயின்டில் 'அஞ்சலை' என்று எழுதினார்கள். அதைப் பார்த்துப் பார்த்து ஈரமணலில் எழுதிப் பழகினேன். அலை வந்து அழிக்க அழிக்க எழுதினேன். நீங்கள் பின்னால் நின்று சிரித்தீர்கள்.

அப்புறம் டெல்லியில் உங்கள் சர்க்கார் வேலை, ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ். எழுபதுகளின் கடைசியில் ஒருநாள் உங்கள் சித்தப்பா மகன் ஊரிலிருந்து வந்தார். கருவாட்டுப் பொட்டலத்தோடு செய்தியையும் இறக்கி வைத்தார்.

"மதினி, படகுக்குப் பேர மாத்திட்டாங்க. இப்ப அது வெற்றிவேல்."

"ஏனாம்?"

"மீன்பாடு சரியில்லியே. ராசியில்லாத பேருன்னு பேசிக்கிறாங்க."

கல்யாணமாகி மூன்று வருஷம். என் மடியில் பிள்ளை இல்லை, அவர்கள் வலையில் மீன் இல்லை. இரண்டையும் சேர்த்து ஒரே முடிச்சாகப் போட்டுவிட்டார்கள்.

அவர் கிளம்பியதும் உங்களைப் பிடித்துக்கொண்டேன். "ஏங்க, உங்க அண்ணங்கிட்ட ஒரு வார்த்த கேளுங்க."

"அண்ணன எதுத்துப் பேசிப் பழக்கமில்ல, அஞ்சல."

"அப்பப் பழகிக்குங்க."

நீங்கள் ஊசியும் நூலும் எடுத்துக்கொண்டு சட்டைக்குப் பொத்தான் தைக்க உட்கார்ந்தீர்கள். மனசில் எது தளர்ந்தாலும் உங்கள் சட்டையில் ஒரு பொத்தான் தளர்ந்துவிடும். அதற்குப் பிறகு பல நாள் உங்களோடு தேவைக்கு மேல் நான் பேசவில்லை. ஆபீஸில் ஆசையாகக் கேட்கிறார்கள் என்று சொல்லி, வாராவாரம் ஒரு டப்பா முறுக்கு மட்டும் கட்டி வாங்கிக்கொண்டு போனீர்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்தியா கேட் பக்கம் கூட்டிப்போனீர்கள். வாய்க்காலில் வாடகைப் படகுகள் நின்றன. அவற்றுக்குப் பேர் கிடையாது, நம்பர்தான். ஏழாம் நம்பர் படகில் மட்டும் நம்பருக்குக் கீழே தமிழில் என் பேர் இருந்தது. உங்கள் கையெழுத்து. 'ச' கால் தடுக்கி விழப்போவதுபோல் சாய்ந்திருந்தது. படகுக்காரர் பல்லெல்லாம் தெரிய, "அச்சா லிக்கா ஹை நா, பாபிஜி?" என்றார். நன்றாக எழுதியிருக்கிறதல்லவா என்கிறார். வாய் நிறைய என் முறுக்கு.

"கடல்ல அழிச்சத வாய்க்கால்ல எழுதுனா ஆச்சா?" என்றேன்.

"ஏறு," என்றீர்கள். ஏறினேன். ஆனால் சிரிக்கவில்லை. எனக்கு வேண்டியிருந்தது பெயின்ட் இல்லை, உங்கள் வாயிலிருந்து ஒரு வார்த்தை.

அந்தக் குளிர்காலத்தில் உங்கள் அண்ணன் டெல்லி பார்க்க வந்தார். உங்கள் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, குரங்குக் குல்லா வைத்துக்கொண்டு, எதைக் காட்டினாலும் "நம்மூர்ல இல்லாததா" என்றார். கடைசியில் அவரை அந்த வாய்க்காலுக்குக் கூட்டிப்போய் ஏழாம் நம்பர் முன்னால் நிறுத்தினீர்கள். அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். ஏறி உட்கார்ந்தார். பாதி தூரம் போன பிறகு, தண்ணீரில் கையை விட்டுப் பார்த்துவிட்டு, "முழங்கால் மட்டுந்தான இருக்கு, தம்பி" என்றார்.

நீங்கள் துடுப்பை நிறுத்தவில்லை. அவர் முகத்தையும் பார்க்கவில்லை. "இருக்கட்டும்ணே. தெனம் எத்தனயோ பேரு ஏறி எறங்குறாங்க. இந்தப் பேரால ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆவல."

எதிரே உட்கார்ந்து நான் கேட்டுக்கொண்டிருந்தேன். இறங்கும்போது அண்ணன் குல்லாவைக் கழற்றிக்கொண்டு, "கோடையில படகுக்குப் பெயின்ட் அடிப்போம். பழைய பேரயே எழுதிடறேன். என்ன அஞ்சல?" என்றார்.

"வேணாம் மாமா. அது இங்கயே இருக்கட்டும்."

வீட்டுக்கு வந்து நீங்கள், "பெரியவரே எறங்கி வந்தாரு. சரின்னு சொல்லியிருக்கலாம்" என்றீர்கள். அன்றைக்குச் சொன்னதையே இன்றும் சொல்கிறேன்: மீன் கிடைத்தால் என் பேர், கிடைக்காவிட்டால் வேறு பேர் என்றால், அந்தப் படகு எனக்கு வேண்டாம். பிள்ளை அதற்குப் பிறகும் பிறக்கவில்லை. அதற்காக நான் யாரிடமும் தலைகுனியவில்லை. நீங்களும் குனிய விடவில்லை. ஆனாலும் என் குறை குறைதான். ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்கு ஒரு படகு வேண்டியிருந்தது. மழைக்காலம் முடிந்து வாய்க்கால் படகுகளுக்குப் பெயின்ட் அடிக்கும்போதெல்லாம் அந்தப் பேர் மறைந்துபோகும். நீங்கள் முறுக்கு டப்பாவோடு கிளம்பிப் போய் மறுபடியும் எழுதிவிட்டு வருவீர்கள். கையில் நீலக்கறையோடு வந்து நின்றால் நான் எப்படிச் சண்டை போடுவது?

பெயின்டர் வந்துவிட்டார். உங்கள் பேரைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன். கதவுக்கு ஒரு பேர்தான் என்று சொசைட்டியில் சொல்லியிருக்கிறார்களாம். சொல்லிக்கொள்ளட்டும். பிரஷை வாங்கி உங்கள் பேருக்குக் கீழே என் பேரைத் தமிழில் நானே எழுதினேன். 'ச' சாய்ந்துவிட்டது. அவர் துணியோடு கிட்டே வந்து, துடைத்துவிட்டு நேராக எழுதித் தரட்டுமா என்று கேட்டார்.

"ரஹனே தோ, பையா," என்றேன். இருக்கட்டும், தம்பி. அந்த எழுத்து எனக்கு அப்படித்தான் வரும். நீங்கள் எழுதியதைப் பார்த்துப் பார்த்து அப்படியே கையில் பழகிவிட்டது.